டொனோஸ்தியா பழைய நகரில் பாஸ்க் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில், பிரான்ஸ் எல்லையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது சான் செபஸ்தியான். அந்தப் பகுதியில் தனி மொழியோடு வாழும் பாஸ்க் மக்கள் அதை டொனோஸ்தியா என்கிறார்கள். அங்கே போகிற நண்பர்களும் உறவினர்களும் கிளம்புவதற்கு முன் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நெரிசலான பழைய நகரின் நடுவே, பாரம்பரியமான ஓர் உணவகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசியிருக்கிறேன். அந்த ஊருக்குப் போய்வந்தும் அதைத் தவறவிட்டவர்கள் நிறைய பேர். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

பழைய நகரம் என்பது எந்தப் பகுதி?

உருமேயா ஆறு, உர்குல் குன்று, மீன்பிடித் துறைமுகம் ஆகியவற்றுக்கு இடையே அடங்கிய சிறிய பகுதி அது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 1813-க்குப் பிறகு கட்டப்பட்டவை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, நெப்போலியனின் படை பிடித்து வைத்திருந்த ஊரை ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள் கைப்பற்றியபோது ஊரே சூறையாடப்பட்டு எரிந்துபோனது. ஒரு தெருவின் வீடுகள் மட்டும் தப்பின. அந்தத் தெருவுக்கு இப்போது 'ஆகஸ்ட் 31 தெரு' என்றே பெயர். சாப்பாட்டுக்காக வருகிறவர்கள் அதிகம் நடக்கும் தெருக்களில் அதுவும் ஒன்று. பக்கத்தில் இருக்கும் அரசியலமைப்புச் சதுக்கத்தில் பால்கனிகளுக்கு எண் போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அங்கே காளைச் சண்டை நடந்தது. பால்கனிகள்தான் பார்வையாளர் இருக்கைகள்.

பின்ச்சோ பாரில் சாப்பிட்டால் போதாதா? உணவகம் எதற்கு?

பின்ச்சோ என்பது பாரின் மேடைமேல் அடுக்கி வைத்திருக்கும் சிறு தீனி. ஒரு துண்டு ரொட்டிமேல் ஏதாவது இருக்கும், அல்லது ஒரு குச்சியில் கோத்திருக்கும். ஒரு கடையில் நின்றபடி ஒன்றிரண்டு சாப்பிட்டு, சின்னக் கோப்பையில் ஏதாவது குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அருமையான பழக்கம், கட்டாயம் செய்து பாருங்கள். பச்சை ஆலிவ், உப்பிட்ட நெத்திலி, இபார்ரா ஊரின் மெல்லிய ஊறுகாய் மிளகாய் மூன்றையும் குச்சியில் கோத்த 'கில்டா'வில் தொடங்குவது வழக்கம். 1940-களில் காசா வாயேஸ் என்ற கடையில் பிறந்தது அது. ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த் நடித்த படத்தின் பெயர்தான் அதன் பெயர்.

ஆனால் பாஸ்க் சமையலின் ஆழமான பகுதி மேடைமேல் இல்லை. மெதுவாகச் சமைத்த மீன், கரியில் சுட்ட இறைச்சி, மண்சட்டியிலேயே மேஜைக்கு வரும் குழம்பு இவற்றையெல்லாம் நின்றுகொண்டு சாப்பிட முடியாது. பல கடைகளில் முன்பக்கம் பார், பின்பக்கமோ கீழ்த்தளத்திலோ சாப்பாட்டுக் கூடம் இருக்கும். அந்தக் கூடத்துக்குப் போங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை. இரவு எட்டரைக்கு முன் அடுப்பு பற்றவைக்காத உணவகங்கள் பல. ஊர்க்காரர்கள் ஒன்பதுக்கு மேல்தான் உட்காருவார்கள். ஐந்து மணிக்குப் பசித்தால் பார்தான் கதி. ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் நிறைய இடங்களில் விடுமுறை.

கேட்டால் மதியம்தான் சொல்வேன். வெளிச்சம் இருக்கும், அவசரம் இருக்காது, குழந்தைகள் தூங்கி விழ மாட்டார்கள். மூன்று மணிக்கு மேலும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

முன்பதிவு அவசியமா?

வார இறுதியிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் அவசியம். ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழா வாரம், செப்டம்பரில் 1953 முதல் நடந்துவரும் திரைப்பட விழா, ஜனவரி 20 அன்று ஊர் முழுக்க முரசு அடிக்கும் தம்போர்ராதா. இந்த நாள்களில் பல வாரங்களுக்கு முன்பே மேஜைகள் போய்விடும். சாதாரண செவ்வாய், புதன் மதியம் என்றால் ஒன்றே காலுக்குப் போய் நின்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

மெனு அட்டை புரியவில்லை என்றால்?

அட்டை ஸ்பானிய மொழியிலும் பாஸ்க் மொழியிலும் இருக்கும். மையப் பகுதியில் பரிமாறுபவர்களுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். உள்ளே போகும்போது பாஸ்க் மொழியில் 'கைஷோ', நன்றிக்கு 'எஸ்கெரிக் அஸ்கோ', கிளம்பும்போது 'அகுர்'. இந்த மூன்றைச் சொன்னாலே முகம் மலரும். நீண்ட காலம் ஒடுக்கப்பட்டு மீண்ட மொழி அது; வெளியூர்க்காரர் வாயில் கேட்கும்போது அவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆர்டர் செய்வதில் ஒரு முறை உண்டு. முதலில் நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு தட்டு, பிறகு ஆளுக்கொரு மீனோ இறைச்சியோ. 'அரைத் தட்டு கிடைக்குமா?' என்று கேட்கலாம். பல இடங்களில் தருவார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேஜைமேல் பரப்பச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் அதனதன் சூட்டில் வர வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள், அது நியாயமும்கூட.

எதைச் சாப்பிட வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பில்-பில். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி உப்பை இறக்குவார்கள். பிறகு மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஒரு சிறு மிளகாய். எண்ணெய் கொதிக்கக் கூடாது, இளஞ்சூட்டில்தான் இருக்க வேண்டும். அதில் மீனைத் தோலோடு வைத்துச் சட்டியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். தோலிலிருந்து கசியும் ஜெலட்டின் எண்ணெயோடு கலந்து, தண்ணீராக இருந்தது வெண்மஞ்சள் நிறத்தில் கெட்டியான சாஸாக மாறிவிடும். மாவு இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கடையில் மற்ற மீன் பண்டங்களையும் நம்பிச் சொல்லலாம்.

கடலோர ஊரில் எதற்கு உப்பிட்ட மீன் என்று கேட்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்க் மாலுமிகள் திமிங்கலத்தையும் காட் மீனையும் தேடி அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து வரை போனார்கள். அங்கே பிடித்ததை உப்பிட்டால்தான் வீடு வந்து சேரும். கத்தோலிக்க நோன்பு நாள்களில் இறைச்சி கூடாது என்பதால் மலையோரக் கிராமங்களுக்கும் அந்த மீன் போனது. அந்தக் காலத்து ருசி இன்றும் விடவில்லை. விஸ்காயா மாகாணத்தில் உள்ள பில்பாவோ நகரின் பக்கத்தில் இதே மீனை உலர்ந்த சோரிசேரோ மிளகாய், வெங்காயம் சேர்த்த சிவப்பு சாஸில் செய்வார்கள். அது 'விஸ்காயா முறை'.

அடுத்தது கொக்கோச்சா. ஹேக் மீனின் தாடைக்கு அடியில் இருக்கும் சின்னத் தசைத்துண்டு. ஒரு மீனுக்கு ஒன்றுதான், அதனால் விலை அதிகம். பார்ஸ்லி சேர்த்த பச்சை சாஸிலோ, பில்-பில் முறையிலோ, கரியில் சுட்டோ தருவார்கள். வழுவழுப்பாக இருக்கும். நம் வீட்டு மீன்குழம்பில் தலைத்துண்டுக்குப் போட்டி போடுகிறவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சங்குர்ரோ என்பது பெரிய சிலந்தி நண்டு. சதையைப் பிரித்து வெங்காயம், லீக் (வெங்காயத்தாள் போன்ற காய்), தக்காளியோடு வதக்கி, நண்டின் ஓட்டிலேயே நிரப்பி, மேலே ரொட்டித்தூள் தூவி அடுப்பில் வைத்து எடுப்பார்கள். இது டொனோஸ்தியாவின் சொந்தப் பண்டம். கணவாயை அதன் கறுப்பு மையிலேயே சமைத்துத் தருவதையும் தயங்காமல் கேளுங்கள். பார்க்கத்தான் தார்போல இருக்கும், சுவை மென்மையானது.

கோடையில் போனால் மர்மித்தாகோ. படகில் மீனவர்கள் பொங்கிச் சாப்பிட்ட சூரை மீன், உருளைக்கிழங்குக் குழம்பு. கிழங்கைக் கத்தியால் முழுதாக வெட்டாமல், பாதி வெட்டியதும் திருகி உடைப்பார்கள். உடைந்த முனையிலிருந்து மாவு இறங்கிக் குழம்பு தானே கெட்டியாகும். மீனை அடுப்பை அணைக்கும் தறுவாயில்தான் போடுவார்கள். முன்பே போட்டால் நார் நாராகிவிடும்.

'சுலேட்டா' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

எலும்போடு கூடிய பெரிய மாட்டு விலாக்கறித் துண்டு. கன்றுக்குட்டியின் இறைச்சி அல்ல, வயதான பசுவினுடையது. கொழுப்பும் சுவையும் அதில்தான் அதிகம். கரியில் சுட்டு, கல்லுப்பு தூவி, வெளியே கருகலாகவும் உள்ளே சிவப்பாகவும் தருவார்கள். ஒரு துண்டு பெரும்பாலும் ஒரு கிலோ அளவில் இருக்கும், விலையும் கிலோ கணக்கு. இருவரோ மூவரோ சேர்ந்து ஒன்று சொல்லுங்கள். பக்கத்தில் பச்சைக்கீரை சாலடோ, பிக்கியோ என்ற இனிப்பான சிவப்பு மிளகாயோ வரும்.

உள்ளே சிவப்பாக இருப்பது பிடிக்காதவர்கள் 'பியென் ஏச்சோ' என்று கேட்கலாம். செய்து தருவார்கள், அரைமனதாக. சில இடங்களில் சூடான தட்டு ஒன்றைக் கூடவே வைப்பார்கள். வேண்டிய அளவு அதில் வாட்டிக்கொள்ளலாம். அது நல்ல வழி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதை விட்டுவிட்டு மீனுக்குப் போகலாம், இழப்பு எதுவும் இல்லை.

காரம் இருக்குமா?

இருக்காது. இபார்ரா மிளகாய் லேசாகச் சுரீர் என்னும், அவ்வளவுதான். கெர்னிக்கா மிளகாயை எண்ணெயில் பொரித்துக் கல்லுப்புத் தூவித் தருவார்கள். அதில் காரமே கிடையாது. எல்லைக்கு அந்தப்புறம், பிரான்சின் பாஸ்க் பகுதியில் விளையும் எஸ்ப்லெட் மிளகாயும் மிதமானதுதான். பையில் ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வேளை மட்டுமாவது அதைத் திறக்காமல் இருங்கள். மூன்று நான்கு பொருள்களை மட்டும் வைத்துச் சமைப்பதால் மீன் எவ்வளவு புதியது, எண்ணெய் எப்படிப்பட்டது என்பதெல்லாம் நாக்குக்கு நேராகத் தெரியும். அந்த ஊர்ச் சமையல்காரர்கள் பெருமைப்படும் விஷயமே அதுதான்.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் சூரை மீன் தூவிய சாலட் வரலாம். காய்கறிப் பொரியலில் பன்றித்தொடைத் துண்டுகள் கிடக்கலாம். அதனால் 'நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ' (இறைச்சியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன்) என்று முழுதாகச் சொல்லுங்கள். கூடவே 'சின் ஹமோன்' (பன்றித்தொடை வேண்டாம்), 'சின் அத்தூன்' (சூரை வேண்டாம்) என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நம்பிக் கேட்கக்கூடியவை: கெர்னிக்கா மிளகாய், கோடைத் தக்காளி சாலட், காளான் வதக்கல், வசந்த காலத்தில் மிகச் சிறிய பச்சைப் பட்டாணி. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தோர்த்தியா (தடித்த முட்டை ஆம்லெட்). பழைய நகரில் நெஸ்தோர் என்ற சின்ன பாரில் மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டே தோர்த்தியாதான் போடுவார்கள். முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுத்தால்தான் ஒரு துண்டு கிடைக்கும்.

ஏமாற்றக்கூடியவை: தோலோசா ஊரின் கறுப்பு அவரை விதைக் குழம்பு. பார்த்தால் முழுச் சைவம்போல இருக்கும், ஆனால் பல சமையலறைகளில் பன்றியிறைச்சியோடு வேகவைப்பார்கள். லீக், உருளைக்கிழங்கு சூப்பான போர்ருசால்தாவில் காட் மீன் இருக்கலாம். இதியாசாபல் என்ற பேர்போன செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியும், மாமியா என்ற பால்கட்டியும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைக்கப்படுபவை. கண்டிப்பான சைவக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்; பரிமாறுபவர் தானாகச் சொல்ல மாட்டார்.

ஹலால் இறைச்சி இந்த உணவகங்களில் எதிர்பார்க்க முடியாது. பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்கள் மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அப்போதும் 'சின் ஹமோன்' சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு தெம்பு: நிலக்கடலை, பால், முட்டை, ஓட்டு மீன் உட்பட 14 பொருள்கள் உணவில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது ஐரோப்பியச் சட்டப்படி உணவகத்தின் கடமை.

குடிக்க என்ன?

சக்கோலி என்ற இளம் வெள்ளை ஒயின். கெத்தாரியா, சாராவுட்ஸ் கடலோரச் சரிவுகளில் விளையும் திராட்சையில் செய்வது. புளிப்பும் லேசான நுரையும் உண்டு. பாட்டிலை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். மீனுக்கு இதைவிடப் பொருத்தமானது அங்கே இல்லை. மது வேண்டாதவர்கள் 'மோஸ்தோ' கேளுங்கள், அது திராட்சைச் சாறு. ஊர்க்காரர்களே பாரில் குடிப்பதுதான். குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். 2022-இல் வந்த கழிவுக் குறைப்புச் சட்டத்தின்படி தர வேண்டும்.

இனிப்பு?

கருகிய மேற்பரப்போடு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் 'பாஸ்க் சீஸ் கேக்' ஆகஸ்ட் 31 தெருவில் உள்ள லா வின்யாவில் பிறந்தது. மேலே கறுப்பு, நடுவில் தளதள. அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள், வரிசை நீளமாக இருந்தாலும். ஆனால் எனக்குப் பிடித்தது மாமியா. செம்மறியாட்டுப் பாலை உறையவைத்து, மேலே தேன் விட்டுத் தருவார்கள். முன்காலத்தில் மரக் குவளையில் ஊற்றிய பாலுக்குள் பழுக்கக் காய்ச்சிய கல்லைப் போட்டுச் சூடாக்கினார்கள். அந்தத் தீய்ந்த வாசனையை இன்றும் சிலர் விடாமல் கொண்டுவருகிறார்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

சாப்பாட்டை வைத்துச் சொன்னால் ஏப்ரல், மே. புதிய நெத்திலி, பட்டாணி, வசந்தக் காளான் மூன்றும் ஒன்றாக வரும் காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூரை. இலையுதிர் காலத்தில் பெரிய காளானும் புது அவரையும். மாதம் எதுவானாலும் 'இன்று என்ன வந்திருக்கிறது?' என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அட்டையில் இல்லாத நல்ல மீன் பல நாள்களில் இருக்கும்.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ் தர வேண்டுமா?

வாரநாள் மதியங்களில் 'மெனு தெல் தியா' என்ற நிலையான விலைச் சாப்பாட்டைப் பல உணவகங்கள் தருகின்றன: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, குடிக்க ஏதாவது. மையப் பகுதியில் 20 யூரோவிலிருந்து 35 யூரோ வரை ஆகலாம். அட்டையைப் பார்த்துத் தனித்தனியாகச் சொன்னால் இருமடங்கும் அதற்கு மேலும் போகும். கொக்கோச்சா, சுலேட்டா இரண்டும் பில்லை ஏற்றிவிடும். எடை கணக்கில் விற்கும் மீனுக்கு முதலிலேயே விலை கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. டிப்ஸ் கட்டாயம் கிடையாது. மனசு நிறைந்தால் சில யூரோ வைத்துவிட்டு வாருங்கள். பில்லைக் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கேட்காமல் வைப்பது விருந்தாளியை விரட்டுவதாகும் என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு கதவுக்குள்ளே ஆண்கள் கூட்டமாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், உள்ளே விடவில்லை. அது என்ன?

அது உணவகம் அல்ல, சமையல் சங்கம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் தொடங்கிய வழக்கம்; பழமையான சங்கங்களில் ஒன்றான உனியோன் ஆர்த்தேசானா 1870-இல் தொடங்கியது. உறுப்பினர்கள் தாங்களே பொருள் வாங்கிவந்து சமைத்து, எடுத்த ஒயினுக்குத் தாங்களே கணக்கெழுதிப் பணம் வைப்பார்கள். நீண்ட காலம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. இப்போது பல சங்கங்களில் பெண்கள் விருந்தினராக வரலாம், சிலவற்றில் உறுப்பினராகவும் சேரலாம். முழுமையான சமத்துவம் இன்னும் வரவில்லை, வர வேண்டும் என்பது என் எண்ணம். உறுப்பினர் யாராவது அழைத்தால் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள்.

மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற உணவகங்களுக்குப் போகலாமா?

பணம் இருந்தால் தாராளமாக. 1970-களின் நடுவில் ஹுவான் மாரி அர்சாக், பேத்ரோ சுபிஹானா போன்ற சமையல்காரர்கள் தொடங்கிய புதிய பாஸ்க் சமையல் இயக்கம் ஸ்பெயின் முழுவதையும் மாற்றியது. ஆனால் அவர்கள் எதை மாற்றினார்கள் என்பது, பழைய பில்-பில்லையும் சங்குர்ரோவையும் முதலில் சாப்பிட்டவருக்குத்தான் புரியும். அதனால் அந்த வரிசையில் போங்கள்.

நகரத்தை விட்டு ஒரு வேளை வெளியே போக முடியும் என்றால்?

ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை என்றால் அஸ்திகார்ராகா அல்லது எர்னானிக்குப் போய் ஒரு சிடர் (ஆப்பிள் மது) கூடத்தில் சாப்பிடுங்கள். இரண்டும் சில கிலோமீட்டர் தூரம்தான். மெனு மாறாது: காட் மீன் ஆம்லெட், மிளகாயோடு காட் மீன், சுலேட்டா, கடைசியில் இதியாசாபல், குயின்ஸ் பழப் பாகு, வால்நட். நடுநடுவே யாராவது 'சொச்!' என்று குரல் கொடுப்பார். எல்லோரும் எழுந்து கிடங்குக்குப் போய், பெரிய மரப்பீப்பாயிலிருந்து பீய்ச்சும் மெல்லிய தாரையைக் கோப்பையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு விரல் அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள், உடனே குடியுங்கள். வைத்திருந்தால் நுரை போய்விடும். பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு, தாரை நிற்கும் முன் அவர் கோப்பையை நீட்ட இடம் கொடுங்கள். சிடருக்கு அளவு கிடையாது என்பதால் திரும்பி வர வாடகைக் காரையோ பேருந்தையோ முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.